தறியிற் பிறந்த உடையும் திரையிற் பிறந்த உடையும்

சங்கத் தமிழர் என்ன உடுத்தனர் என்று இன்று பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அப் பிள்ளை நூலைப் புரட்டாது. தான் பார்த்த திரைப்படத்தை நினைவுகூர்ந்து விடை சொல்லும். பொன்னிழை மின்னும் மேலாடை, தோளினின்று தரைவரை புரளும் நெடும்போர்வை, மார்பை இறுக்கித் தைத்த சட்டை, தலையில் மணிமுடி! பறம்பின் தலைவன் பாரிக்கும் இவையே. காவிரிக்குக் கரைகட்டிய கரிகாலனுக்கும் இவையே. அவனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பின்வந்த தஞ்சைச் சோழன் அருண்மொழிக்கும் இவையே. ஒரே பெட்டியினின்று எடுத்து மூவர்க்கும் உடுத்தி அனுப்பிவிட்டனர். நாமும் அதனையே நம் முன்னோர் கோலம் என்று நம்பிக் கைதட்டினோம்.

இதனை இப்பொழுது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம்மிடம் பள்ளியில் தமிழ் பயின்று, இன்று ஒரு கல்லூரியில் துணி வடிவமைப்பும் உடையமைப்பும் கற்கும் மாணவி ஒருத்தி, தன் இறுதியாண்டுப் பணியை எடுத்துக்கொண்டு எம்மைக் காண வந்தாள். இலக்கியம் ஒன்றையும் அதன்வழி வந்த திரைப்படம் ஒன்றையும் அடியாகக் கொண்டு உடைகள் அமைத்தல் வேண்டும். வெறுமனே வரைந்து காட்டினாற் போதாது, அவற்றுக்குரிய துணியையும் நெய்வித்துக் காட்டுதல் வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட பணி. அவள் சிலப்பதிகாரத்தையும் ‘பூம்புகார்’ படத்தையும் தேர்ந்துகொண்டாள். பின்னர்ப் பத்துப்பாட்டும் குறுந்தொகையும் அதனோடு சேர்ந்துகொண்டன. சேர்ந்த கதையே நாம் சொல்லவந்த கதை.

திரைப்படத்தைப் பழித்தல் எம் நோக்கமன்று. 1942இல் வந்த ‘கண்ணகி’யும், கலைஞர் மு. கருணாநிதி எழுத, ப. நீலகண்டன் இயக்கி 1964இல் வந்த ‘பூம்புகா’ரும், சிலம்பைக் கையால் தொட்டறியாத எளிய மக்கட்கும் அதன் கதையைக் கொண்டுசேர்த்தன. அஃது ஒரு தொண்டே. ஆயின் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ‘பூம்புகார்’ கறுப்பு வெள்ளைப் படம். கண்ணகியின் ஆடை என்ன நிறம் என்று அப் படம் சொல்லவில்லை. பார்த்தவரோ தத்தம் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படத்தினின்று நிறத்தை எடுத்துத் தாமே பூசிக்கொண்டனர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்த காலத்து, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் உடை உடுத்தியவர் ஓவியர் மணியம். 2022இலும் 2023இலும் இரு பகுதிகளாக மணிரத்தினம் அக் கதையைத் திரைக்குக் கொணர்ந்தார். உடனே அப் படத்தின் சாயலில் சேலையும் நகையும் கடைகளில் விலைக்கு வந்தன. கதையைப் படித்து ஓவியர் வரைந்தார். கதையையும் ஓவியத்தையும் கண்டு வளர்ந்தவர் திரைக்கு உடை அமைத்தார். திரையைப் பார்த்துக் கடைக்காரர் நெய்வித்தார். இனிக் கடையைப் பார்த்து மாணவர் வரைவர். நாலாங் கைக்கு வரும்பொழுது மூலத்தில் என்ன எஞ்சும்?

இம் மாணவியும் முதற்கண் அவ் வழியேதான் சென்றாள். அவள் வரைந்த முதற்படங்களில் கரிகாலன் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்த நெடுஞ்சட்டை அணிந்திருந்தான். தறிக்காரர் ஒருவரிடம் சென்று நின்றபொழுதே அவளுக்கு முட்டுப்பாடு தோன்றியது. அங்கிருந்து எம்மிடம் வந்து அவள் கேட்ட கேள்வி இது: “ஐயா, அறுவை என்கிறார்கள், துகில் என்கிறார்கள், கலிங்கம் என்கிறார்கள். உரைநூலில் எல்லாவற்றுக்கும் ‘ஆடை’ என்றே பொருள் எழுதியிருக்கிறது. தறிக்காரரிடம் நான் எதைச் சொல்லி நெய்யச் சொல்வேன்?”

தமிழ் வகுப்பில் இக் கேள்வி எழுவதில்லை. தறியின் முன் நின்றபொழுதுதான் எழுந்தது. தேர்வுக்குப் படிப்பவனுக்கு ‘ஆடை’ என்ற ஒரு சொல் போதும்; அதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். நெய்விக்க வேண்டியவளுக்கு அது போதாதன்றோ?

அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்வோம். அறுவை என்பது அறுக்கப்பட்டது, தறியினின்று அறுத்தெடுத்தது. துணி என்பதும் துணிக்கப்பட்டதே. துண்டு என்பதும் அப் பொருளினதே. வேட்டி என்பதனையும் ‘வெட்டு’ என்னும் அடியிற் பிறந்ததாகக் கொள்வர் சொல்லாராய்ச்சி அறிஞர். நான்கு சொல்லும் ஒரே செயலைக் குறித்தல் காண்க. நம் மொழியில் துணிக்குப் பெயர் வந்தது, அதனைத் தறியினின்று வெட்டிய அந்த ஒரு வெட்டினால். அதன்பின் உடலின் அளவுக்கு வெட்டுதல் என்பது அப் பெயர்களில் இல்லை. முழுத்துணியாகவே மடித்தும் கொசுவியும் செருகியும் முடிந்தும் உடுத்தனர். துகில் என்பது மென்மையும் நொய்ம்மையும் வாய்ந்த நல்லாடைக்குப் பெரிதும் வழங்கிய பெயர். பட்டுக்குப் பதிற்றுப்பத்து இட்ட பெயர் ‘நூலாக் கலிங்கம்’. கையால் நூற்கப்படாத ஆடை என்பது பொருள். பஞ்சைத் திரித்து நூற்றே பழகிய மக்கள், நூற்காமலே இழை தரும் பட்டினைக் கண்டு வியந்து இட்ட பெயர் அது. (கலிங்கம் என்னும் சொல் கலிங்க நாட்டுவழி வந்ததா, தமிழ்வேரினதா என்பதில் அறிஞரிடை வழக்குண்டு. அதனை ஈண்டு விரியேம்.)

இவ்வாறு கூறின், தமிழர்க்குத் தையல் தெரியாது போலும் என்று எவரும் மயங்க வேண்டா. புகாரிலே துன்னகாரர் இருந்தனர் என்று சிலம்பே கூறும். ஆயினும் முல்லைப்பாட்டில், அரசன் பாசறையைக் காத்து நின்ற யவனர் அணிந்த சட்டைக்கு ‘மெய்ப்பை’ என்று பெயர். உடலை இட்டுவைக்கும் பை! தன் நாட்டார் நாளும் அணியும் ஒன்றைப் பற்றி எந்தப் புலவனாவது இப்படிப் பேசுவானோ? அயலார் உடை என்று அடையாளம் காட்டவே அச் சொல் அங்கு நிற்கிறது. அந்த யவனக் காவலனின் பையைத்தான் நம் திரைப்படங்கள் கரிகாலனுக்கே மாட்டிவிட்டன. மாணவி தன் படத்தினின்று அச் சட்டையை அன்றே நீக்கினாள்.

பின்னர் அவள் செய்தவற்றுள் எம்மைப் பெரிதும் கவர்ந்தது பொருநராற்றுப்படையிலிருந்து எடுத்த இணை. முடத்தாமக்கண்ணியார் பாடிய அப் பாட்டில், வறிய பொருநன் ஒருவன் கரிகாலன் வாயிலை அடைகிறான். அவன் உடுத்திருந்த கந்தையை, அதில் குடியிருந்த ஈரையும் பேனையும் கூட விடாமல், புலவர் சொல்கிறார். வியர்வையில் நனைந்தது, கிழிந்த இடமெல்லாம் வேறு வேறு இழைகளால் தைக்கப்பட்டது. அரசன் அதனைக் களைவித்துப் புத்தாடை தருகிறான். அதுவோ பாம்பின் உரி போன்றது; இழை ஓடும் வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மையது; பூவேலை நிறைந்தது. ஓர் உடையைக் களைந்து மற்றோர் உடை உடுத்தற்குள் ஒரு மனிதனின் வாழ்வே மாறிவிடுகிறது. திரைப்படத்துக்கு இதனினும் நல்ல காட்சி வேறு யாது வேண்டும்? ஆயினும் எந்தப் படத்தில் இதனைக் கண்டோம்? புலவர் என்றாலே வெள்ளை வேட்டியும் பொன்னிழைத் துண்டும் உடுத்து, அவைக்குள் நிமிர்ந்து நுழைபவராகவே திரை நமக்குக் காட்டியிருக்கிறது.

மாணவி இரண்டையும் ஆக்கினாள். நுண்டுணிக்கு உயர்ந்த எண்ணுள்ள பருத்திநூல் வாங்கினாள். நூலின் எண் ஏற ஏற இழை மெலியும். மெலிந்த இழை தறியில் அறும். ஆகையால் பாவுக்குக் கஞ்சியிடுதல் பக்குவமாக அமைதல் வேண்டும். குழித்தறியாயின் நிலத்தின் ஈரம் பாவைக் காக்கும் என்று சொல்லித் தறிக்காரர் நெய்து தந்தாராம். சிறுபாணாற்றுப்படை மூங்கிலின் உட்தோலையும், பெரும்பாணாற்றுப்படை ஆவியையும் துணிக்கு உவமை கூறுவதை அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஆவி போன்ற துணிக்கு அவர் தலையசைத்தார். கந்தையை நெய்துதர வேண்டும் என்றபொழுது மட்டும், “அதற்குத் தறி எதற்கு அம்மா? எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்” என்றாராம். அவர் தந்த பழந்துணியைத்தான், ஏழு நிற நூலால் தைத்த தையலோடு, அவள் பொருநனுக்கு உடுத்தியிருக்கிறாள்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை அறியாதார் நம்மவருள் இரார். புதுமணப்பெண் ஒருத்தி, முற்றிய தயிரைப் பிசைந்த விரலோடு, துவைக்க வேண்டிய ஆடையைத் துவையாமலே உடுத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் ஏற, கணவனுக்குத் தானே அடுகிறாள். அவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மகிழ்கிறது. கூடலூர்கிழார் பாடியது. இதற்கு அம் மாணவி மஞ்சட் பருத்திச் சேலை ஒன்றை அமைத்து, இடுப்புச் செருகும் இடத்தில் ஐந்து விரல் பட்ட வெண்சுவட்டைச் சாயத்திலேயே விட்டிருந்தாள். எம் கண்ணுக்கு அது போதும் போதும் என்றிருந்தது. அப் பாட்டுக்கு எழுதப்பட்ட பல பக்க விளக்கங்களினும் அந்த ஒரு சுவடு மிகுதியாகச் சொல்லியது.

இனித்தான் வருத்தத்திற்குரிய செய்தி. அவள் கல்லூரியின் இடைமதிப்பீட்டில், தேர்வாளர் ஒருவர் இவற்றைக் கண்டு, “சங்ககாலம் என்கிறாய், அரசவைப் பொலிவு எங்கே? அழுக்கையும் கந்தையையும் யாராவது வடிவமைப்பார்களா? அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வா” என்றாராம். இறுதிக் காட்சிக்குள் பொருநன் கந்தையையும் தயிர்ச்சுவட்டையும் நீக்கிவிட்டு வேறு செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. கேளாவிடின் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறையின், படத்துறையிலோ துணி நிறுவனத்திலோ வேலை கிடைத்தல் அரிது. அவள் பெற்றோர் கடன்பட்டுப் படிக்கவைத்தவர்கள். “நான் என்ன செய்யட்டும் ஐயா?” என்று கேட்டாள். கொள்கையை மட்டும் எடுத்தோதி அனுப்பிவிடக்கூடிய கேள்வியா அது?

பொலிவு வேண்டும் என்று அத் தேர்வாளர் கேட்டதில் குற்றமில்லை. பொலிவை எங்கே தேடுவது என்பதில்தான் அவர் வழி தவறினார். சிலம்பில் பொலிவுக்குக் குறைவா என்ன? மதுரையின் ஊர்காண் காதையில் பருத்தியாலும் மயிராலும் பட்டாலும் நெய்த மடிகளை நூறு நூறாக அடுக்கிய அறுவைத் தெரு வருகிறது. அவ்விடத்து அடியார்க்கு நல்லார் கோசிகம், பீதகம், அரத்தம், கோங்கலர், குருதி, கரியல், தேவாங்கு, பொன்னெழுத்து என்று முப்பதுக்கும் மேற்பட்ட துணிவகைகளின் பெயரை அடுக்கிச் செல்கிறார். கடலாடு காதையில் மாதவி ஒப்பனை செய்துகொள்வதைப் படிப்போர்க்கு மூச்சு முட்டும். பூந்துகிலின்மேல் முப்பத்திரண்டு வடம் கொண்ட முத்துக்கோவையை அவள் இடையில் அணிகிறாள். அவளுக்கு எதிரே, அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கண்ணகி நிற்கிறாள். காலிற் சிலம்பில்லை, இடையிலே மெல்லிய துகில் மட்டும் உண்டு, மேகலை இல்லை, காதிற் குழையில்லை, கண்ணில் மையில்லை, நெற்றியிற் பொட்டில்லை. இளங்கோவடிகள் ஒருத்திக்கு ஒவ்வொன்றாக அணிவிக்கிறார், மற்றொருத்திக்கு ஒவ்வொன்றாகக் களைகிறார். உடையமைப்பாளர் எவரும் இதனினும் நுட்பமாக இரு பெண்களை வேறுபடுத்திக் காட்டுதல் இயலாது. ஆகவே அவளுக்கு நாம் சொன்னது இது: கந்தையை எடுக்காதே, சுவட்டையும் அழிக்காதே, மாதவியைச் சேர். முப்பத்திரண்டு வடத்தையும் எண்ணி வை. கண்ணகிக்கும் அதே தறியில் அதே துகிலை நெய்வித்து, அணி ஒன்றும் இன்றி அருகில் நிறுத்து. தேர்வாளர் பொலிவையும் காணட்டும். பொலிவு நீங்கியதையும் காணட்டும்.

அத்துடன் அவர்க்குக் காட்டச் சொல்லிச் சப்பானியப் படம் ஒன்றையும் குறித்துக் கொடுத்தோம். அகிரா குரோசாவா 1985இல் எடுத்த ‘இரான்’ என்னும் படம், செகப்பிரியரின் இலியர் மன்னன் நாடகத்தைத் தழுவியது. ஆங்கிலக் கதை என்பதற்காக அவர் ஆங்கில அரசர்களின் உடையைத் தம் மாந்தர்க்கு உடுத்தினாரா? இல்லை. உடையமைத்த எமி வாடா என்னும் அம்மையார், கியோத்தோ நகரின் நெசவுக் கைவினைஞரைக் கொண்டு, தம் நாட்டுப் பழந்துணி மரபில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடைகளை ஈராண்டுக்கு மேல் உழைத்து ஆக்கினார். மூத்த மகனுக்கு மஞ்சள், நடுவனுக்குச் சிவப்பு, இளையவனுக்கு நீலம். போர்க்களத்தில் ஆயிரம் பேர் ஓடினும் எவன் படை எது என்று நிறமே சொல்லிவிடும். 1986இல் அவ்வுடைகட்கு ஆசுக்கர் பரிசு கிடைத்தது. அயலான் கதைக்கே தன் தறியை நம்பியவர்கள் அவர்கள். நம் கதைக்கு நம் தறியை நம்புவதற்கு நமக்கு என்ன தடை?

சான்றுக்கா நமக்குப் பஞ்சம்? தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் நூல் நூற்கும் தக்களிகளும், நெசவில் கோலம் இடப் பயன்பட்டன என்று கருதப்படும் கூர்முனை எலும்புக் கருவிகளும் இடம்பெற்றுள்ளன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய செங்கடல் வழிநூல் குறிக்கும் மெல்லிய துணியை, உறையூர்த் துணி என்பர் அறிஞர். தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுற்றில் எசு.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர்கால ஓவியங்களில், ஆடுமகளிரின் உடைகளை இன்றும் காணலாம். சங்கத்துக்குச் சங்க நூல், சோழனுக்குச் சோழர் ஓவியம் என்று அவ்வக் காலத்துக்கு அவ்வச் சான்று உண்டு. பெட்டி ஒன்றைத் திறந்து எல்லார்க்கும் ஒன்றையே மாட்டும் சோம்பல்தான் நீங்க வேண்டும்.

நம் இயக்க நண்பர் சிலர், “மொழிக்குப் போராட வேண்டிய நேரத்தில் உடையமைப்பும் ஒரு பேச்சா?” என்று கேட்கக்கூடும். நூல் என்னும் சொல்லை அவர்கள் நாவால் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். தறிக்கும் நூல், ஏட்டுக்கும் நூல். பனுவல் என்பது பஞ்சுக்கும் பாட்டுக்கும் பொது. பா என்பது செய்யுளுக்கும் பெயர். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைத்தொகுதிக்கும் பெயர். நன்னூலார் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்தார். அவர் நோக்கிய பெண்ணைப் புறநானூற்றிலும் காணலாம்: இரவில் பஞ்சுக் கழிவைப் புடைக்க எழுந்த பருத்திப் பெண்டு; அவள் சிறுவிளக்கின் ஒளியில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய கோழி அச்சந் தணிகிறது. அவ் விளக்கு இல்லையேல் நமக்கு நூலும் இல்லை, நூற்பாவும் இல்லை. மதுரையில் துணி விற்ற இளவேட்டனார் சங்கப் புலவராகவும் இருந்தார் என்பதை நம்மவர் மறத்தல் தகாது.

ஒன்று மட்டும் அம் மாணவியிடம் எமக்கு மனக்குறை. அவள் பணியேடு முழுதும் ஆங்கிலம். கல்லூரி வழக்கம் அது என்கிறாள். அறுவையும் துகிலும் அவ்வேட்டில் ஆங்கில எழுத்தில் சாய்ந்து கிடக்கின்றன. பாவுக்கும் ஊடைக்கும் அதுகூட இல்லை, ஆங்கிலப் பெயரே நிற்கிறது. தறிக்காரரிடம் அவள் பேசியது எந்த மொழியில்? தார், நாடா, அச்சு, விழுது, கோர்வை என்று அவர் வாயிற் கேட்டதையெல்லாம் கைக்குறிப்பாகத் தமிழிலேதான் எழுதிவைத்திருக்கிறாள். அக் குறிப்பேட்டை யாம் பார்த்தோம். அகரமுதலிகளில் இல்லாத சொற்களும் அதில் உள. ஒவ்வோர் உடையின் கீழும் தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்தில் பொறித்துக் காட்சியில் வைக்க வேண்டும் என்றோம், இசைந்தாள். அச் சொற்றொகுதியைப் படியெடுத்து இவ்விதழுக்கு அனுப்புமாறும் கேட்டிருக்கிறோம். வந்ததும் வெளியிடுவோம். தறி வைத்திருக்கும் அன்பர்களும், தறிவீட்டிற் பிறந்த ஆசிரியர்களும் தத்தம் ஊரில் வழங்கும் நெசவுச் சொற்களைப் பொருளோடும் ஊர்ப்பெயரோடும் எழுதி அடுத்த திங்களுக்குள் அனுப்புக.